வெள்ளையம்மாள் மண் அலசாத நாள்

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வெள்ளையம்மாள் பதினோரு வருஷமாகச் சமையல் செய்துவந்தாள். அதற்கு முன்னால் அவளும் புருஷன் மண்ணாங்கட்டியும் நகை ஆசாரிகளின் பட்டறை வாசலில் மண் கூட்டி, சாக்கடைச் சேற்றை வாரி, சட்டியில் அலசித் தங்கத்தூள் எடுத்துப் பிழைத்தவர்கள். அவன் செத்துப்போன பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுப்பதில்லை. மகள் கவிநிலாவுக்குச் சம்பந்தம் பேசியபோதும், "அவங்கப்பா நகைக்கடையில இருந்தாரு" என்றே சொல்லிவைத்தாள்.

கல்யாணம் முடிந்த மறுமாதம், 2004 மாசியில், விடுதியில் தங்கியிருந்த உர்சுலா என்ற ஜெர்மன்காரிக்கு ஓர் ஆசை வந்தது. கர்நாடகா பக்கம் மூடிக்கிடந்த பழைய தங்கச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஓடையில் மண் அலசிப் பார்க்க வேண்டும். துணைக்கு வெள்ளையம்மாளை அழைத்துக்கொண்டாள். கார் ஓட்டியவர் கவிநிலாவின் மாமனார் சக்கரவர்த்தி.

சுரங்கத்தின் கேட் பூட்டியிருந்தது. துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு ஓடைக்கு இறங்கினார்கள். உர்சுலா பிளாஸ்டிக் தட்டில் மண்ணை அள்ளி, அரிசி களைவதுபோல வேகவேகமாகச் சுழற்றினாள். அடியில் தங்க வேண்டிய கருமணலும் தண்ணீரோடு வழிந்து போயிற்று. தங்கப்பொடி இருந்தால் அந்தக் கருமணலில்தான் இருக்கும். வெள்ளையம்மாளுக்குக் கை பரபரத்தது.

"சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரர் தங்கத்தோட பொழங்கினவராச்சே. நீங்க கொஞ்சம் காட்டிக் குடுங்களேன்" என்றார் சக்கரவர்த்தி.

"எனக்கு இன்னாங்க தெரியும்? அவரு கடைக்குள்ள உக்காந்து வேலை பாத்தவரு. இந்தச் சேத்து வேலையெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லீங்க."

உர்சுலா மூன்று மணி நேரம் அலசினாள். ஒரு பொட்டுகூடக் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவினாள். அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கவிநிலா வந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? கல்யாணமான வாரமே மாமாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் தப்பா நெனைக்கல. நீயே வாயத் தொறந்து சொல்லுவேன்னுதான் கேட்டாராம்."

வெள்ளையம்மாள் அன்று சாப்பிடவில்லை. பனியிலும் குளிரிலும் சாக்கடைக்குள் கைவிட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்ட மனுஷனை, அவன் கால் வைக்காத கடைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தோமே என்று மனசு அறுத்தது.

அப்புறம் இரண்டு தடவை சம்பந்தியிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் மழை கம்மியானதைப் பற்றிப் பேசினார். அவளும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வந்தாள்.