கேள்வி கேட்காத ஆள் ஒருவர் வேண்டும்

கல்யாணமான இரண்டாம் மாதம் நான் ஒரு மோசமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தமானுக்கு வருபவர்களுக்குச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் கூட்டிப்போகிற கம்பெனிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் எவன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆளை இறக்குவானோ, அவன் எனக்கு வேண்டும். அதே நாட்களில், காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, என் கணவர் ஒரு நல்ல ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வீசிங் உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இன்ஹேலர் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. இது என் அம்மா அப்பாவுக்குத் தெரியும், கும்பகோணத்து டாக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். சளி காய்ச்சலுக்குக் காரைக்கால் டாக்டர். மூச்சுக்கு மட்டும் கும்பகோணம். உள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் பொண்ணைப் பார்த்துவிட்டால் நாளைக்கு எவன் வந்து கட்டுவான் என்பது அம்மாவின் கணக்கு. பெண் பார்க்க வந்தவர்களைப் பனி போனபிறகு வரச் சொன்னாள். கல்யாணத்தன்று மணவறைக்குப் போகும் முன் என்னைக் குளியலறைக்குள் தள்ளி, "நல்லா ரெண்டு தடவ இழுத்துக்க, பொக வரும்" என்றாள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பொண்ணைக் கரையேற்றுவது என்பார்கள்.

புகுந்த வீட்டில் இன்ஹேலரை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். அதை மாமியாரும் தொடமாட்டார், அவரும் தொடமாட்டார்.

அந்தமான் பயணம் பிரான்சில் இருக்கும் நாத்தனார் கொடுத்த கல்யாணப் பரிசு. "கடலுக்கு அடியில போயி மீனெல்லாம் பாத்துட்டு வாங்க, போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். மாமியார் அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மருமகள் சமுத்திரத்துக்குள் இறங்கப் போகிறாள். பால் ஊற்ற வருபவர்கூட என்னைக் கேட்டுவிட்டார்.

என் கணவர் ஒரு மிக்சி வாங்குவதற்குக் காரைக்காலில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, அது போதாமல் நாகூர்வரை போய்வந்தவர். பெண்டாட்டியைக் கடலில் இறக்குவது என்றால் விடுவாரா? ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நானும் கேட்கவேண்டும் என்பதற்காக.

முதலில் பேசிய ஆள் எடுத்ததுமே ஆஸ்துமா உண்டா, இருதயக் கோளாறு உண்டா, காதில் சீழ் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே இவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அம்பகரத்தூர்ப் பொண்ணு, வயக்காட்டுக் காத்துல வளந்தது" என்றார். அந்த ஆள் விடவில்லை, எதற்கும் டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கி வந்துவிடுங்கள் என்றார். காரைக்காலில் எங்கள் குடும்ப டாக்டர் என்றால் மாமியாரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். என் நெஞ்சில் அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் போதும்.

"பாத்தியா, எவ்ளோ பொறுப்பா பேசறாங்க" என்றார் இவர்.

"ரொம்ப அலட்டிக்கிறாங்க. வேற பாருங்க."

இரண்டாவது ஆள் நான் வேண்டிய தெய்வம். "நீச்சலே தெரிய வேணாம் மேடம். சும்மா வாங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான். ஒரு கேள்வி கிடையாது. இவங்களையே பேசிடுங்க, தமிழ் நல்லா பேசறாங்க, பாசமா இருக்காங்க என்று நான் ஒரேயடியாகப் புகழ்ந்தேன். இவர் மட்டும் நிதானமாக, ஒரு கைடு எத்தனை பேரைக் கூட்டிப்போவார் என்று கேட்டார். கூட்டம் இருந்தால் நாலைந்து பேர் என்றான் தெய்வம்.

"ஷேர் ஆட்டோல ஏத்தற மாதிரி ஏத்தறான். இவன்கிட்டயா உன்ன விடுவேன்?" என்று போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சம் அலட்சியமான மனுஷனாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. எந்தப் பெண்டாட்டியும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இல்லன்னு சொல்லிட்டு எறங்கு. கொஞ்ச நேரம் மூச்ச புடிச்சுக்க முடியாதா?"

"மூச்ச புடிக்கக் கூடாதாம்மா. விட்டுக்கிட்டே இருக்கணுமாம்."

"அப்ப விடு."

"விட வராதுன்னுதானம்மா சொல்றேன்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "ஒரு புள்ள பொறக்கட்டும். அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். இங்கே வாயைத் திறந்தால் வாழ்க்கை போகும், அங்கே வாயைத் திறந்தால் உயிர் போகும். பெற்ற தாய் எனக்குக் கொடுத்த யோசனை இதுதான்.

பயமாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "பயம்னுதானே நல்ல ஆளாத் தேடறேன்" என்றார். அதோடு நிற்கவில்லை. முகத்தில் மாட்டுகிற கண்ணாடியும் வாயில் வைக்கிற குழாயும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை என்னை மண்டபத்தூர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்காரவைத்து, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகச் சொன்னார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அலை வந்து குழாய்க்குள் புகுந்தது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நின்றபிறகும் உள்ளே விசில் நிற்கவில்லை.

"உப்புத்தண்ணி போயிடுச்சா?" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை அவ்வளவு ஆதரவாக இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்ல மூச்சு வரவில்லை. வந்தபோது தைரியம் போய்விட்டது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு வரும்வரை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன்.

மூன்றாவதாகப் பேசியது ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. ஒருவருக்கு ஒரு கைடுதான், அதுவும் மேடத்தை நானே கூட்டிப்போவேன் என்றதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பெண், "அவங்ககிட்ட குடுங்க சார். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். இவர் ஸ்பீக்கரை அணைத்து என்னிடம் போனைத் தந்துவிட்டு வாசலுக்குப் போனார்.

மூச்சு சம்பந்தமாக ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டாம். விசாரிக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவர் எனக்கும் சொல்லியிருப்பார்: கீழே இருக்கும்போது இழுப்பு வந்தால் காற்று நெஞ்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், மேலே வர வர அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். "ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு பக்கத்துல நாந்தான் இருப்பேன். எனக்குத் தெரியாட்டி நான் என்ன செய்ய முடியும்?"

பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "இருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"அப்ப நீங்க எறங்க வேணாம்" என்றார் அவர், அவ்வளவு சாதாரணமாக.

வாசலிலிருந்து வந்தவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். கும்பகோணத்தை, பனிக்காலத்தை, நாப்கின் பாக்கெட்டை, எல்லாவற்றையும். அம்பகரத்தூருக்குக் கடைசி பஸ் போயிருக்காது என்று மனது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஏமாற்றிவிட்டீர்களே என்றும் கேட்கவில்லை. "யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

சொன்னேன்.

"அதோட நிக்கட்டும். எங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம். நாளைக்கு நமக்கே ஒரு பொண்ணு பொறந்தா, அதுக்கும்ல இருக்கான்னு கேப்பாங்க" என்றார்.

நான் அழுதேன். தப்பித்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார். பாதி அதுவும்தான்.

அந்தமான் போனோம். அவரும் இறங்கவில்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டு, கறுப்பு உடுப்பும் சிலிண்டரும் மாட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அது இப்போது ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் காட்டுகிறார். கீழே எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு, நான் பார்க்காத மீன்களின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இழுக்கும்போது ஓடி வருகிறவர் அவர்தான். இன்ஹேலர் இப்போது அவருடைய அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. ஒருநாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் ஓடி வந்ததும் முதலில் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார். அப்புறம்தான் அலமாரியைத் திறக்கிறார். அதுவரை நான் விசில் சத்தம் வெளியே போகாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.