மூட்டை வைக்க இடமில்லாத வண்டி

எங்கள் பனியன் கம்பெனி வண்டி ஷெட்டில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அந்தப் பெண் தன் மோட்டார் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திய முதல் நாளே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறாமைதான். அவள் சைடு ஸ்டாண்டைக் குனிந்து பார்க்காமல் குதிகாலால் தட்டிப் போட்டாள். வண்டி நன்றாகப் பழகியவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அதைக் கண்டுகொள்ள எனக்கும் கொஞ்சம் வண்டி தெரிந்திருந்தது; அதுதான் தொந்தரவு.

அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சாம்பிள் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் செக்கிங் சூப்பர்வைசர், நாற்பத்தைந்தைத் தாண்டியவள். இரண்டு பேருக்கும் வேலையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் காலை எட்டரை மணிக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டால் என் கையில் இருக்கிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

கம்பெனியே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. டீ நேரத்தில் எங்கள் கட்டிங் மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்து சொன்னார்.

"பொம்பளப் புள்ள கியர் வண்டி ஓட்டறத நாம இப்பத்தானுங்கக்கா பாக்கறோம். என்ன தைரியம் பாருங்க."

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

ஏனென்றால் நான் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னாலேயே ஓட்டியிருக்கிறேன். குன்னத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் பைக் இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் சிலது அப்படித்தான் வரும். ஒரு கோடையில் அப்பா காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மோட்டார் போட ஆள் போயாக வேண்டும். பதினேழு வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்தான் அதை உதைத்துக் கிளப்பினேன். அப்பாவின் கால் கூடிய பிறகும் வண்டி என்னிடம்தான் இருந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்தில் சீராக ஒரு புது மோட்டார் பைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு. சாவியைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அவர் கையில்தான் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனால் வண்டிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வேகத்தடை வந்தால் வண்டி நின்றுவிடும். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்க மாட்டார். நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, வண்டி திணறுகிற சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போவேன். ஒரு தடவை, நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"சீர் வண்டியப் பொண்ணு ஓட்டிட்டுப் போயி, நான் பின்னால உக்காந்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

நன்றாக இருக்காதுதான். அவருக்கு. மகன் பிறந்ததும் அந்த வண்டியை விற்று எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். அவர் மில் பஸ்ஸில் போகத் தொடங்கினார். உனக்குத்தான் சௌகரியம் என்றார்கள் எல்லோரும்.

சௌகரியம் யாருக்கு என்பது போகப்போகத் தெரிந்தது. ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கிற பலகை இருக்கிறதே, அது காலுக்காகச் செய்தது என்று யாரும் நினைப்பதில்லை. தண்ணீர் கேன் அங்கேதான் வரும். அரிசிச் சிப்பம் அங்கேதான் வரும். மகன் ஐந்து வயது வரை அங்கேயே நின்றுகொண்டு வந்தான். கம்பெனியில் பிரிண்டிங்குக்குப் போக வேண்டிய துணியை டெம்போ ஏற்றிக்கொண்டு போன பிறகு, விட்டுப்போன பீஸ் என்று ஒரு சில்லறை மூட்டை எப்படியும் மிஞ்சும். பிரிண்டிங் பட்டறை நான் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. சாயந்திரம் மாஸ்டர் அந்த மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார்.

"அக்கா, அப்படியே போற வழியில குடுத்துட்டுப் போயிருங்க."

போகிற வழியென்றாலும் பட்டறையில் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். எண்ணிப் பார்ப்பார்கள், ஆளைக் கூப்பிடுவார்கள், நான் ஹெல்மெட்டோடு நிற்பேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தெருவிளக்கு எரியும். கால்களை ஒடுக்கி மூட்டைக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஓட்டி ஓட்டி, இப்போது வெறும் பலகை கிடைத்தாலும் கால் தானாக ஓரத்துக்குத்தான் போகிறது.

அந்தப் பெண் வந்த பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். மாஸ்டர் மூட்டையோடு வருவார். வரிசையில் முதலில் நிற்பது அவளுடைய வண்டிதான். அதை ஒரு பார்வை பார்ப்பார். டேங்க் இருக்கிறது, சீட் இருக்கிறது, மூட்டை வைக்க இடம் இல்லை. அதைத் தாண்டி என்னிடம் வருவார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, "வாரேன்கா" என்று போய்க்கொண்டே இருப்பாள்.

அப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வேகம், சத்தம், ஆட்கள் திரும்பிப் பார்ப்பது, இதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை. சரி, கொஞ்சம் பட்டேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அவளுடைய வண்டியில் அவளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். மனசாரத் திட்டியிருப்பேன். அவளோ பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். ஊருக்குப் போய் வந்தால் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து தருவாள். அதையும் வாங்கித் தின்றுகொண்டே கரித்துக் கொட்டினேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஸ்கூட்டர் புகை கக்கி நின்றது. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதற்குச் செலவு செய்வதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பத்து நாள் பஸ்ஸில் வந்தேன். ஒரு சாயந்திரம் ஷெட்டைத் தாண்டி நடந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏறுங்கக்கா, பஸ் ஸ்டாப்புல விடுதேன்."

மறுபடியும் பின்சீட்டா என்று சுருக்கென்றது. "நானும் கியர் வண்டி ஓட்டுனவதான் கண்ணு" என்று வாயில் வந்துவிட்டது. எத்தனையோ மாதமாக அடக்கிவைத்தது.

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கி, சாவியை நீட்டினாள். "அப்போ ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கக்கா. பாக்கணும் எனக்கு."

ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச் கையில் பிடிபட்டது. வண்டி அலுங்காமல் நகர்ந்தது. கம்பெனி வளாகத்துக்குள் ஒரு சுற்று, செக்கிங் ஜன்னல்களுக்குக் கீழே. என்னிடம் வேலை செய்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டரும் வெளியே வந்து நின்றார். அந்த அரை நிமிஷம் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தை யாராவது படம் பிடித்திருந்தால் பணம் கொடுத்து வாங்கியிருப்பேன். அப்போது கேட்டுக்குள் தண்ணி லாரி திரும்பியது. நான் பிரேக்கை மிதித்தேன். இடது காலால்.

இந்தக் காலத்து வண்டியில் இடது காலில் இருப்பது கியர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் பாய்ந்தது. கைப்பிரேக்கை இறுக்கியதில், லாரியின் பம்பருக்கு முன்னால் ஒரு முழம் விட்டு நின்றேன். வண்டி அணைந்துபோயிருந்தது. என் முகமும்தான்.

"அடி கிடி பட்டுட்டாக்கா?" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள்.

மாஸ்டர் மெதுவாக வந்து, "விடுங்கக்கா, நமக்கெல்லாம் எதுக்குங்க கியர் வண்டி" என்றார்.

"மாஸ்டர், நான் பதினேழு வயசுலயே ஓட்டுனவ. எங்கப்பா வண்டில கியர் வலது காலுங்க."

"அப்படிங்களா" என்றார். சின்னக் குழந்தை, நான் நிலாவைத் தொட்டேன் என்று சொன்னால் சொல்வோமே, அந்த 'அப்படிங்களா'. நான் சொன்னதை நம்பியது அங்கே ஒரே ஒரு ஆள். அது அவள். அதற்காகவும் என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொன்னேன், நான் மோட்டார் பைக்தான் வாங்கப்போகிறேன் என்று.

வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. "தண்ணிக் கேன் எதுல வரும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மில்லு பஸ்ஸுல வருமுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப் போவது, மளிகை எப்படி வரும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். நான் எங்கே போவேன் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

இருந்தாலும் ஷோரூமில் தடுமாறினேன். ஒரு பக்கம் புது ஸ்கூட்டர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. உட்கார்ந்தால் சோபா மாதிரி. முதுகு வலிக்காது, கியர் குழப்பம் இல்லை, சேலையோடு ஏறலாம். விற்பனைக்கு நின்ற பையன் என்னைப் பார்த்ததுமே அங்கேதான் கூட்டிப் போனான். "பாருங்க மேடம், ஃபுட்போர்டு எவ்வளவு பெருசுன்னு. ஒரு மூட்டையே வெக்கலாம்" என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அதையே வாங்கியிருப்பேன். எதிர்ப்பக்கம் போய் மோட்டார் பைக்கைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாயப் பட்டறைகள் பூட்டிக் கிடக்கிற ரோட்டில் போய்ப் பழகினேன். கை மறக்கவில்லை. கால்தான் பிடிவாதமாக இருந்தது. நாய் குறுக்கே வந்தால் இடது கால், பள்ளம் வந்தால் இடது கால். இடது பாதத்தைப் பெயர் சொல்லித் திட்டுகிற அளவுக்குப் போய்விட்டேன். ஒரு மாதத்தில் அது வழிக்கு வந்தது. அதுவரை கம்பெனிக்குப் பஸ்ஸில்தான் போனேன். அவர்கள் முன்னால் இன்னொரு தடவை மூக்குடைபட எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, அவளுடைய வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டைக் குனிந்து பார்க்காமல் தட்டிப் போட்டேன். ஜன்னலில் பிள்ளைகள் கைதட்டினார்கள். மாஸ்டர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டேங்க்கைத் தட்டினார், பின்சீட்டைக் கையால் அமுக்கினார். "நல்லாருக்குங்கக்கா" என்றார். அன்று முழுக்க எனக்குப் பொறாமை இல்லை. இத்தனை லேசாக ஒரு நாளை நான் அந்தக் கம்பெனியில் கழித்ததில்லை.

சாயந்திரம் ஷெட்டுக்கு வந்தேன். மாஸ்டர் மூட்டையோடு வந்தார். என் வண்டிக்கு முன்னால் நின்றார். நான் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும். அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சரி, வேறு ஆளைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் கயிறு இருந்தது. கட்டிங்கில் கழித்த பனியன் துணியை நீளமாகக் கிழித்து முறுக்கிய கயிறு. மூட்டையைத் தூக்கி என் பின்சீட்டில் வைத்து, அப்படியும் இப்படியுமாக இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"காலைலயே கிழிச்சு முறுக்கி வெச்சுட்டேனுங்கக்கா. உங்க வண்டிக்கு அளவெடுத்தாப்பல இருக்குது."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்திலேயே அவளுடைய வண்டியும் நிற்கிறது. அதே டேங்க், அதே சீட். இத்தனை மாதமாக அந்த வண்டிக்காக ஒரு நாள், ஒரு துணியை ஒருத்தரும் கிழித்ததில்லை. பலகைமேல் பழி போட்டு நான் வண்டியையே மாற்றியிருக்கிறேன். அவர்கள் மூட்டையை வைத்தது பலகையில் இல்லை, என்மேல்.

"அவுருங்க மாஸ்டர்" என்றேன்.

"ஏனுங்கக்கா?"

"நான் கொண்டுபோக மாட்டேனுங்க. அவுருங்க."

அவர் அவிழ்க்கவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே திரும்பி முடிச்சை அவிழ்த்து, மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அப்போது பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"இங்கன கட்டுங்கண்ணே. நா கொண்டு போயி குடுத்துட்டுப் போறேன்."

அவளுக்கு அது வழிகூட இல்லை. அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டல் எதிர்த் திசையில் இருக்கிறது. மாஸ்டர் என் வண்டிக்காக முறுக்கிய கயிற்றால் மூட்டையை அவள் வண்டியில் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடமே சொன்னார்.

"எவ்வளவு நல்ல புள்ள பாருங்க."

வருஷக்கணக்காக அந்த மூட்டையை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போன என்னைப் பார்த்து ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. ஒரே ஒரு நாள், அதுவும் இன்னும் கேட்டைக்கூடத் தாண்டாதவளுக்கு அந்தப் பேர் கிடைத்துவிட்டது. வயிறு எரிந்தது, முதல் நாள் எரிந்ததைவிட அதிகமாகவே. ஆனாலும் இறங்கிப் போய் அந்த மூட்டையை வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

கிளட்ச்சைப் பிடித்து, இடது காலால் முதல் கியரைப் போட்டேன். சரியாக விழுந்தது.