ஸோஃப்காவின் கால்கள் பாரிஸில் பிறந்த கதை

ஸோஃப்கா மிலாகரின் இடுப்புக்கு மேலே பார்த்தால், எங்கள் கிளீவ்லாந்தில் செயின்ட் கிளேர் தெருவில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் எந்த ஸ்லோவேனியக் குடும்பத்துப் பெண்ணையும் போலத்தான் இருப்பாள். அகலமான தோள், மாவு பிசைந்து பழகிய கை, இரட்டைத் தாடை. கீழே மட்டும் கடவுள் வேறு யாரோ கைதேர்ந்த ஆளைக் கூப்பிட்டு வேலையை முடிக்கச் சொன்னது போலிருக்கும். நீளமாக, வழவழவென்று, கணுக்காலில் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு கால்கள். ஆனால் யாரும் அதைக் கவனித்ததில்லை. ஆள் மொத்தமாக எதிரே வந்து நின்று சத்தமாகச் சிரிக்கும்போது காலை யார் பார்க்கிறார்கள்?

நாங்கள் இருவரும் நகர மையத்தில் இருந்த ஆஷ்கிராஃப்ட் கடையில் வேலை பார்த்தோம். தரைத்தளத்தில் எனக்குக் கையுறைப் பிரிவு. எதிரே அவளுக்கு ஸ்டாக்கிங்ஸ் பிரிவு. நைலான் ஸ்டாக்கிங்ஸைக் கை முஷ்டியில் மாட்டி விரித்து, "பாருங்கம்மா, புகை மாதிரி இருக்கு பாருங்க" என்று அவள் காட்டினால் வாங்காமல் போகிறவர்கள் குறைவு.

அவளுடைய கணவன் லோய்ஸே கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவன் போலச் சிக்கனமாகப் பேசுவான். ஒரே மகள் மார்லீன், பதினாறு வயது. வீட்டின் கீழ்த்தளத்தில் லோய்ஸேயின் அக்கா ஜஸ்டினா இருந்தாள். ஒட்டடைக்குச்சி போல ஒல்லி, நாக்கு மட்டும் நல்ல கனம். ஸோஃப்கா மாடிப்படி ஏறும்போதெல்லாம், "மெதுவாடி, இந்த வீட்டை எங்கப்பா மரத்துலதான் கட்டினார், இரும்புல இல்ல" என்பாள்.

1958 பிப்ரவரியில் ஸ்டாக்கிங்ஸ் விளம்பரத்துக்காக நியூயார்க்கிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். கால்களுக்கென்றே பெயர் போனவளாம். ஹோட்டல் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். எந்தக் காலுக்காக வந்தாளோ அந்தக் காலுக்கே மாவுக்கட்டு. படம் எடுக்கிறவர் ஐந்தாம் மாடியில் காத்திருக்க, விளம்பரப் பிரிவு மேலாளர் வின்ஸ்லோ தலையைப் பிய்த்துக்கொண்டு தரைத்தளத்தில் அலைந்தார். ஸோஃப்கா அப்போது ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான். வின்ஸ்லோவின் கண்ணுக்கு நேராக இருந்தவை கால்கள் மட்டுமே.

"இறங்காதீங்க!" என்று கத்தினார்.

ஸோஃப்கா ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்ன சார், எலியா?"

"மிஸஸ் மிலாகர், இது உங்க காலா?"

"பின்னே, பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தேனா?"

அன்று பிற்பகல் ஐந்தாம் மாடியில் நடந்ததை அவள் எனக்கு மூச்சுவாங்கச் சொன்னாள். ஒரு காரின் சிவப்புக் கதவை மட்டும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்களாம். கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் பழப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் இவளை உட்காரவைத்து, கால்களை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது என்று இவள் திரைக்குள் உட்கார்ந்தபடியே தொத்திறைச்சி சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"'காலைக் கொஞ்சம் ஏக்கமா வைங்க'ங்கறான்டி அந்தப் படக்காரன். காலை எப்படிடி ஏக்கமா வைக்கறது? 'பாரிஸை நினைச்சுக்கங்க'ன்னான். நான் பக்கத்துல இருக்கற லொரெய்ன் ஊரைத் தாண்டினது இல்ல, பாரிஸை எங்க நினைக்கறது? அப்புறம் வீட்டுல அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு திடீர்னு ஒரு சந்தேகம் வந்துது. 'அதேதான்! அப்படியே இருங்க!'ன்னு குதிச்சான்."

இரண்டு வாரத்தில் கடையின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு அந்தப் படம் தொங்கியது. சிவப்புக் கார்க்கதவு, அதிலிருந்து இறங்கும் இரண்டு கால்கள். கீழே "அவள் வந்துவிட்டாள்" என்று ஒரு வரி. செய்தித்தாளில் முழுப்பக்கம். பஸ்ஸின் பக்கவாட்டில் கால். நகரமே அண்ணாந்து பார்த்தது. யார் இந்தப் பெண் என்று கடைக்குக் கடிதங்கள் குவியத் தொடங்கியதும், வின்ஸ்லோ அவளுக்கு ஒரு வாழ்க்கையே எழுதிக் கொடுத்துவிட்டார். பெயர் செலஸ்ட். பாரிஸில் பிறந்தவள். வயது இருபது. காலையில் அரைப் பம்பளிமாஸ் பழமும் கறுப்புக் காப்பியும், இரவில் ஒரு கோப்பை சூப்பும்தான் ஆகாரம். நடக்கும்போது பூமியை அதிகம் தொடமாட்டாள். உண்மையை வெளியே சொன்னால் இனிப் படம் கிடையாது என்று ஸோஃப்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

ஸ்டாக்கிங்ஸ் பிரிவில் கூட்டம் நெரித்தது.

"இதைப் போட்டா அந்தப் பொண்ணு கால் மாதிரி ஆயிடுமா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வேற என்னெல்லாம் சாப்பிடறாளோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் ஸோஃப்கா. கைப்பைக்குள் சாண்ட்விச் இருந்தது.

முதலில் எங்களுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்போம். வேடிக்கை வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சிரிப்புக் குறைந்தது.

ஜஸ்டினா விளம்பரத்தைக் கத்தரித்துத் தன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே காலில் சதையே கிடையாது. இருந்தாலும் பம்பளிமாஸ் வாங்கிவந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள். மாடிக்கு வந்து மார்லீனுக்கும் பாதி கொடுத்தாள்.

"பாருடி ஸோஃப்கா, இது காலு. நீயும் தினம் அந்தக் கடையிலதான் நிக்கறே, அந்த விளம்பரத்துக்குக் கீழயே நிக்கறே. கொஞ்சமாவது ஒட்டிக்கக் கூடாதா?"

"ஒட்டுமான்னு பாக்கறேன் அண்ணி."

மார்லீன் உருளைக்கிழங்கைத் தொடுவதில்லை. வால்நட் அடைத்த ரொட்டியை லோய்ஸேயின் தட்டுக்குத் தள்ளினாள். இரவெல்லாம் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்துக்கொண்டாள். ரத்தம் கீழே இறங்கிவிட்டால் கால் மெலியும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம். ஒருநாள் ஸோஃப்கா தட்டில் உருளைக்கிழங்கை வைத்ததும் பெண் அழுதாள்.

"எனக்கு மட்டும் ஏம்மா இப்படிக் காலு? செலஸ்டோட அம்மா எப்படி இருந்திருப்பா, நினைச்சுப் பாரு. உன்னை மாதிரியா இருந்திருப்பா?"

ஸோஃப்கா கரண்டியை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுவதற்குத்தான் போனாள். ஆனால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியில் காலைப் பார்த்தாள். அங்கேதான் விபரீதம் தொடங்கியது.

அவள் காலில் ஒரு மச்சம் உண்டு. முழங்காலுக்குப் பின்னால், பிரசவத்துக்குப் பிறகு வந்த நீல நரம்பு உண்டு. முழங்காலே கொஞ்சம் குண்டுதான். விளம்பரத்துக் காலில் இவை எதுவும் இல்லை. ஐந்தாம் மாடியில் ஒருவர் உட்கார்ந்து படத்தின்மேல் வண்ணத்தைப் பீய்ச்சி எல்லாவற்றையும் அழித்திருந்தார். ஆடுசதையை இரண்டு விரல்கடை நீட்டியும் விட்டிருந்தார். ஸோஃப்காவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும், மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது என்கிறீர்கள்? அரைப் பம்பளிமாஸ்.

"இது எதுக்குடி உனக்கு?" என்றேன்.

"சும்மா. வாய்க்கு நல்லதாம்."

"மூஞ்சியைப் பாத்தா வாய்க்கு நல்லதாத் தெரியலையே."

கொஞ்சநேரம் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அல்பீனா, அவ முழங்காலு எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா?" என்றாள்.

"யாரு முழங்காலு?"

"செலஸ்ட்."

"அடிப்பாவி! அது உன் முழங்காலுடி! உன் காலைப் பாத்து நீயே பொறாமைப்படறியா?"

"என்னுது எங்க அப்படி இருக்கு?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. நான் சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அன்று முதல் கல்லாவுக்குப் பின்னால், ஆள் இல்லாத நேரங்களில், அவள் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதை எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. மார்லீன் அதைச் சாக்காக வைத்து எல்லாக் கிழமைகளையும் வெள்ளிக்கிழமையாக்கிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவில் நின்றவள், பாட்டின் உச்சத்தில் கண்களை மேலே செருகி அப்படியே சாய்ந்தாள். பின்வரிசையில் கட்டைக்குரலில் பாடிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் மேல் விழுந்தாள். அவர் நல்ல பருமன். மெத்தையில் விழுந்தது போல அடி எதுவும் படவில்லை. அவர்தான் சுருதியை விட்டுவிட்டு, "ஐயோ, பொண்ணு!" என்று தாய்மொழியில் அலறினார்.

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் மார்லீனை உட்காரவைத்து இனிப்புக் காப்பி கொடுத்தோம். பூசை முடிந்தவர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். மேசைமேல் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. அதில் மறுபடியும் அந்தக் கால்கள்.

ஜஸ்டினா மார்லீனின் கையைத் தேய்த்துக்கொண்டே, "பாவம் குழந்தை. ஆனா ஒண்ணு, ஆசைப்பட்டது நல்லதுக்குத்தானே ஆசைப்பட்டுது. அம்மா மாதிரி ஆயிடக் கூடாதுன்னு பயம் இருக்காதா?" என்றாள்.

ஸோஃப்கா எழுந்தாள். நாற்காலியை இழுத்தாள். செருப்பைக் கழற்றினாள். முழங்கால்வரை பாவாடையைச் சுருட்டி, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள். பங்குச் சாமியார் காப்பிக் கோப்பையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என் காலு," என்றாள்.

"தெரியுது, இறக்கு," என்றாள் ஜஸ்டினா.

"பேப்பர்ல இருக்கறது. அது என் காலு. செலஸ்டுன்னு யாரும் கிடையாது. நான் தொத்திறைச்சி தின்னுக்கிட்டே நீட்டின காலு."

கூடம் முழுவதும் சிரித்தது. மார்லீன் அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். "உன் தலைக்கு ஏதோ ஆயிடுச்சுடி. லோய்ஸே, நீயே வந்து சொல்லு," என்று ஜஸ்டினா தம்பியைக் கூப்பிட்டாள்.

லோய்ஸே எழுந்து வந்தான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு செய்தித்தாளைப் பார்த்தான். பிறகு நாற்காலிமேல் இருந்த காலைப் பார்த்தான். அவசரமே படவில்லை.

"இது ஸோஃப்கா இல்ல," என்றான் செய்தித்தாளைக் காட்டி. "ஸோஃப்காவோட காலு இதைவிட நல்லா இருக்கும்."

ஸோஃப்காவுக்கு அவனைக் கட்டிக்கொள்வதா அடிப்பதா என்று தெரியவில்லை. சாட்சி கவிழ்ந்துவிட்டதே. நான் முன்னால் போய், ஏணியைப் பிடித்தவள் நான்தான் என்று ஆதியோடந்தம் சொன்னேன். பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேரை நம்பவைத்தது, யாரும் எதிர்பாராதபடி, ஜஸ்டினாதான். செய்தித்தாளை மூக்குக்கருகில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த விரல்!" என்றாள்.

ஸோஃப்காவின் இரண்டாவது கால்விரல் கட்டைவிரலைவிட நீளம். புருஷனை அடக்கி ஆளுகிறவளுக்குத்தான் அப்படி இருக்கும் என்று கல்யாணத்தன்றே ஜஸ்டினா கண்டுபிடித்து, பல வருடங்களாகச் சொல்லிக்காட்டி வந்தாள். மச்சத்தை அழித்த ஓவியர், திறந்த செருப்பின் முனையில் தெரிந்த அந்த விரலை மறந்துபோயிருந்தார்.

"கடவுளே," என்றாள் ஜஸ்டினா. "நான் இந்தப் பழத்தைத் தின்னு தின்னு நெஞ்செரிச்சல் வந்து கிடக்கேன், உன் காலுக்காகவா?"

"நானும்தான் அண்ணி தின்னேன்," என்றாள் ஸோஃப்கா.

முதலில் சிரித்தது மார்லீன். கையில் இருந்த காப்பி தளும்பும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து தாயின் காலைத் தொட்டுப் பார்த்தாள். மச்சத்தை, நீல நரம்பை, ஒவ்வொன்றாக. "இதெல்லாம் எங்கம்மா போச்சு படத்துல?" என்றாள். "அஞ்சாம் மாடியில எடுத்துட்டாங்க," என்றாள் தாய். பெண் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள். ரொட்டிக்கடைக்காரர் தானே பரிமாறினார்.

திங்கட்கிழமைக்குள் விஷயம் செயின்ட் கிளேர் தெரு முழுக்கப் பரவி, நகர மையத்துக்கும் வந்துவிட்டது. "ஏம்மா, கொஞ்சம் வெளியே வந்து நில்லு" என்று கல்லாவைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். ஸோஃப்கா வெளியே வந்து நின்றாள். பார்த்துவிட்டு ஒருத்தி, "அட, நம்ம காலு மாதிரிதான் இருக்கு" என்று ஏமாற்றமும் நிம்மதியுமாகச் சொல்லி மூன்று ஜோடி வாங்கிப்போனாள். வின்ஸ்லோ முகம் சிவக்க இறங்கிவந்தார். கூட்டத்தைப் பார்த்தார். திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் மனம் வரவில்லை. "இனிமே உங்களுக்குப் படம் கிடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். வேலை போகவில்லை.

ஜஸ்டினா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து படத்தை எடுக்கவில்லை. வருகிறவர்களிடம், "என் தம்பி பொண்டாட்டி" என்று காட்ட ஆரம்பித்தாள். அதே மூச்சில், "விரலைப் பாருங்க" என்பாள்.

ஈஸ்டர் முடிந்ததும் முகப்பில் தொங்கிய கால்களை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினார்கள். இம்முறை கழுத்து. முத்துமாலைக்கான விளம்பரம். அன்னப்பறவைக்கு இருப்பது போல மூன்று மாடி உயரத்துக்கு ஒரே கழுத்து. யாருடையதோ, எவ்வளவு நீட்டியதோ. எல்லாம் தெரிந்த நானே அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றோம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், ஸோஃப்கா தோளைக் கீழே இறக்கி, இரட்டைத் தாடையை வானத்துக்கு உயர்த்தி, எட்டி எட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?" என்றேன்.

"பஸ் வருதான்னு பாக்கறேன்," என்றாள்.