மீன் தொட்டிக்கு வாங்கிய படகு விளக்கு

என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நாட்களில்தான் அவளுடைய மீன் தொட்டியின் விளக்கும் போனது. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. உப்புக்காற்றில் விளக்கின் கவ்வி துருப்பிடித்து உடைந்து, விளக்கு தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து உள்ளறையில் படுத்திருந்தவளிடம் சொன்னேன்.

"சின்னதா ஒரு லைட்டு வாங்கி மாட்டு, போதும். அந்தச் செடிங்களுக்கு வெளிச்சம் அதிகமானா ஆவாது. மத்தியானமா போட்டுட்டு ராத்திரி சாப்புடறப்போ அணைச்சிடு" என்றாள்.

அது முழுக்க அவள் தொட்டி. கல்லோடு நூலால் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்று மெதுவாக வளரும் செடிகள். உரம் கிடையாது, எப்போதாவது ஒரு வாளித் தண்ணீர் மாற்றுவாள். அவற்றுக்கு நடுவே கப்பி மீன்கள். நடைப்பயிற்சி தருவதற்குப் புளியந்தோப்பிலிருந்து வந்த பிசியோதெரபிப் பெண் முதல் நாளே கேட்டாள்: "எது வரைக்கும் நடக்கணும்மா உங்களுக்கு?"

"கூடத்துல கீற என் தொட்டி வரிக்கும்."

அதுவே இலக்காயிற்று. முதலில் கட்டிலின் கால்மாடு, பிறகு அறை வாசல், பிறகு கூடத்துக்கு வரும் நடை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வாக்கரை நகர்த்தும் சத்தம் கூடத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

நான் துறைமுகத்தில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொளத்தூரில் அலங்கார மீன் கடைக்காரர் செடித் தொட்டிக்கென்று காட்டிய விளக்கைப் புரட்டிப் பார்த்தேன். அலுமினியப் பட்டையில் ஒட்டிய நாலைந்து வரிசைப் பொட்டு விளக்குகள். இதற்கா இவ்வளவு விலை என்று வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: கடலில் தாங்குவது வீட்டில் ஆயுளுக்கும் தாங்கும். எங்கள் மாடியில் துணி காயும் கொடி வலைக்கயிறு. ஜன்னல் கம்பிக்கு அடித்தது படகுப் பெயிண்ட். ஆகவே கல்மண்டபத்தில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு விளக்கை எடுத்து வைத்தார். "விசைப்படகுக்குப் போடறது சார். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. எந்த போட்டுக்கு?"

"வீட்டில் மீன் தொட்டிக்கு."

"தொட்டிக்கா? இன்னா நைனா, தொட்டில வலை போடப் போறியா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலாவது நான் யோசித்திருக்கலாம். விலை கொளத்தூர் விளக்கில் பாதிதான். வாங்கிவிட்டேன்.

கூடமே பகல் போல ஆனது. வெளிச்சம் கூடினால் செடி செழிக்கும் என்று நானே முடிவு செய்து, காலையில் எழுந்ததும் போட்டுப் படுக்கும்போது அணைத்தேன். சில நாட்களில் இலைகளின் ஓரத்தில் பச்சை நூல் போலப் பாசி தொங்கியது. பிறகு கண்ணாடியில் படிந்தது. பிறகு தண்ணீரே பச்சையானது. மெதுவாக வளரும் செடிகளால் அத்தனை வெளிச்சத்தையும் உண்ண முடியாது. மிச்சத்தைப் பாசி உண்டது. இதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"மீனுங்க நல்லா கீதா?" என்று தினமும் கேட்பாள்.

"நன்றாக இருக்கின்றன."

பயந்துபோய் விளக்கை அடியோடு நிறுத்தி, தொட்டியைப் போர்வையால் மூடினேன். பாசி செத்து அழுகியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொன்றாகச் செத்தவற்றைக் காகிதத்தில் சுற்றி வெளியே போட்டேன். அப்படி ஒரு நாள் மாலை அவள் நடை முழுவதையும் கடந்துவிட்டாள். "நாளைக்குத் தொட்டிதாம்மா" என்றாள் பிசியோதெரபிப் பெண். என் மனைவி வியர்த்த முகத்தோடு சிரித்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மறுநாள் காலை அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, "அவளுக்குக் காய்ச்சல், நான் சொல்லும்வரை வர வேண்டாம்" என்றேன். மனைவியிடம் போய், "அந்தப் பெண் ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றேன். தொட்டியைச் சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடைவெளி விட்டால் கால் இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்தது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் செய்தேன். தனியாக நடந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோதும், விழுந்துவிடுவாய் என்று தடுத்து, வாக்கரை எட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். கதவைத் தட்டியது அந்தப் பெண்.

"இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்தேன் சார். காய்ச்சல் விட்டுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

"தூங்குகிறாள்" என்றேன். குரலைத் தாழ்த்தியும் பயனில்லை.

உள்ளேயிருந்து கேட்டது: "யாருக்குக் காச்சலு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னைக் கடந்து உள்ளே போனாள். பிறகு வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம். என் மனைவி அறை வாசல் வரை வந்து நின்றாள். முன்பு நிற்காமல் கடந்த நடையில் இப்போது நின்று நின்று வந்தாள். வலது கால் மடங்க மறுத்தது.

தொட்டி முன் வந்ததும் போர்வையை அவளே இழுத்தாள். கறுத்த இலைகள், கலங்கிய தண்ணீர். ஒரே ஒரு மீன் ஓரமாக நின்றது. வாடையில் அந்தப் பெண் மூக்கைப் பொத்தினாள். மேலே அந்தப் பெரிய விளக்கு.

"இன்னாய்யா இது, ஆர்பர் லைட்டா?"

"படகு விளக்கு. வெளிச்சம் அதிகமாகிவிட்டது. நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

"அது கெட்டா கெட்டுட்டுப் போவுது. இன்னொரு செடி வச்சிக்கலாம், நாலு மீனு வுட்டுக்கலாம்." வாக்கரை என் பக்கம் திருப்பினாள். "என்னைய ஏன்யா படுக்க வச்ச?"



இப்போது தொட்டியின் மேல் மேசை விளக்கு ஒன்று வளைந்து நிற்கிறது. தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பு. நேரம் வைத்து அணைக்கும் பிளக் மத்தியானத்திலிருந்து ஆறு மணி நேரம் மட்டும் எரிய விடுகிறது. இவ்வளவுதான் தேவைப்பட்டது. அனுபியாஸ் புது இலை விட்டிருக்கிறது. அவள் வலது கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மடங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

பயிற்சி நேரத்தை அவளும் அந்தப் பெண்ணும் தங்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொள்கிறார்கள். நேற்றுக் கதவு தட்டப்பட்டபோது நான் எழுந்தேன்.

"நீ குந்து" என்றாள்.

வாக்கரை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, வெகுநேரம் நடந்துபோய் அவளே கதவைத் திறந்தாள்.