பத்மா கேட்ட மன்னிப்பு

ட்வெய்ட்டா தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தி இடைவேளையில் இருந்தபோது பத்மாவின் கணவர் குகனின் அழைப்பு வந்தது. "அண்ணை, பத்மா போயிட்டா. காலமை எழும்பேல்லை." அடுத்த சுற்றுக்கு ஆறு நிமிடம் இருந்தது. வேறு ஆளைக் கேட்கத் தோன்றவில்லை, நானே ஓட்டினேன். யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று ஒன்றும் நினைவில்லை.

டிப்போவில் பத்மாவோடு வேலை செய்த உங்களுக்கு அந்த மட்டக்களப்புக் குரலைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பனிக்காலத்தில் ரொம்சோஸ் ஏற்றத்தில் என் பஸ் சறுக்கிக் குறுக்கே நின்றது. பின்னால் தன் பஸ்ஸில் வந்த பத்மா இறங்கி, மண் அள்ளி என் சில்லுகளுக்குக் கீழே போட்டார். "பதறாம இரிங்க அண்ணன். மெல்ல எடுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் இரு குடும்பங்களும் ஒன்றாயின.

பத்மாவும் குகனும் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் பழைய அமெரிக்கக் கேரவன் ஒன்று வாங்கினார்கள். இங்கே ஓடும் மற்றக் கேரவன்களைப்போல அது தானாக பிரேக் பிடிக்காது. காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டிய சிறு பெட்டிதான் மின்சாரம் அனுப்பிப் பிடிக்கச் செய்யும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஓர் இலக்கத்தில் வைக்க வேண்டும். பத்மா ஒவ்வொரு காலையும் சமதரையில் மெதுவாக ஓட்டி, பெட்டியிலுள்ள பிடியைக் கையால் தள்ளி, கேரவனின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்ப்பார். கேரவன் பின்னுக்கு இழுக்க வேண்டும். சில்லு இறுகிவிடக் கூடாது. "நாம நிண்டாப் போதாது அண்ணன். பின்னால வாறதும் நிக்கணும்."

எட்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில், அவர்களோடு நானும் என் மகளும் பேர்கன் நகருக்குப் புறப்பட்டோம். வழியில் எண்ணெய் அடிக்க நிறுத்தினோம். மற்றவர்கள் கோப்பி வாங்கப் போயிருந்தார்கள். வரிசையில் வாகனத்தை நான் நகர்த்தினேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் கேரவன் வெட்டி இழுத்தது. எரிச்சலில் ஏழில் இருந்த இலக்கத்தை இரண்டுக்குக் குறைத்தேன். திரும்ப ஏற்ற மறந்துபோனேன்.

மலை இறக்கத்தில் ஒரு லொறி எங்களைக் கடந்த காற்றில் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓட்டிக்கொண்டிருந்த பத்மா கால் பிரேக்கை மிதிக்கவில்லை; மிதித்தால் ஆட்டம் கூடும். கை பெட்டிக்குப் போனது. ஆட்டம் நிற்கவில்லை. கை இரண்டாம் தடவை போனது. கேரவன் நேரானது.

ஒதுங்கி நிறுத்தியதும் அவர் பின்னால் இருந்த என் மகளிடம் திரும்பினார். "மகள், மாமி கவனிக்காம விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

உண்மையை நான் சொல்லவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் கேரவனை விற்றுவிட்டார்கள். இன்றும் பஸ்ஸின் பிரேக்கில் கால் வைக்கும்போது, அந்தக் கை இரண்டாம் தடவை போவது தெரிகிறது.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், இலக்கத்தைக் குறைத்தது நான்தான் என்று குகனிடம் சொன்னேன்.

"அவவுக்குத் தெரியும் அண்ணை. முதல் தரம் தள்ளேக்கை இலக்கம் இரண்டிலை கிடந்ததைக் கண்டவ. கூட்டிப்போட்டுத்தான் திரும்பத் தள்ளினவ."

"பிறகேன் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டவ?"

"பிள்ளை உங்கடை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளாம்."

மகள் இப்போதும் அதைப் பத்மா மாமியின் கவனக்குறைவு என்றே நினைக்கிறாள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சுமந்த அந்தப் பழிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளை வரச் சொல்லியிருக்கிறேன்.