அம்மாவின் அறைக்கு ஒரு ஸ்தூஃபா

இத்தாலியின் பலெர்மோவில் தை மாதம் குளிர் காய வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். ஊருக்கு எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். தெருவில் வெயில் எறிக்கும், எலுமிச்சை காய்த்துத் தொங்கும். அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் இருக்கும் கல்வீட்டுக்குள் மட்டும் விரல் விறைக்கும். அயல்வீட்டுக் கிழவிமார் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து வெயிலில் இருப்பார்கள். நான் தொண்ணூற்றிரண்டில் வந்தவன். ஆறாவது குளிர்காலத்திலும் கம்பளித் தொப்பியை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு, வெளியே போகும்போதுதான் கழற்றுகிறேன்.

இந்த முறை எங்களுக்கு ஒரு ஸ்தூஃபா கிடைத்தது. அக்கா வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவின் மகன் வடக்கிலிருந்து கொண்டுவந்த புதுமாதிரி அடுப்பு. விறகு தேவையில்லை. மரத்தூளை இறுக்கிச் செய்த, பெல்லெட் என்ற சின்னக் குச்சிகளைக் கொட்டிவிட்டுக் கரண்டைப் போட்டால் தானே எரியும்; காற்றாடி சூட்டை அறைக்குள் ஊதும். அந்த இரைச்சல் பிடிக்காமல் சிஞ்ஞோரா அதை எங்களுக்குத் தந்துவிட்டார். பெல்லெட் சாக்கைப் பிரித்துப் பார்த்த அக்கா, "இதென்ன, கோழித்தீனோ?" என்றாள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சினை. முன்னறையில்தான் சாப்பாடு, கதை, என் படுக்கை எல்லாம். அக்காவும் அத்தானும் பக்கத்துச் சின்ன அறையில். உள்ளறை அம்மாவுக்கு. இரண்டு வருடமாகப் பூப்போட்ட விரிப்பு விரித்த கட்டில் அங்கே கிடக்கிறது. அதன்மேல் ஒரு சூட்கேசைக்கூட வைக்க அக்கா விடமாட்டாள்.

"படுக்கிற இடத்துக்குள்ளை ஆர் நெருப்பு வைப்பினம்? பல்கனியிலை வைப்பம்" என்றார் அத்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மன்னாரில் எங்கள் சமையல் குசினி, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, காற்று தீப்பொறியை வீட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் பக்கமாக இருந்தது. சோளகக் காற்று பெயர்ந்தால் கொள்ளிக்கட்டையோடு முற்றத்தைத் தாண்ட அம்மா விடமாட்டார்.

அக்காவோ, "அம்மான்ரை அறைக்குள்ளை வை. வந்த உடனை மனுசிக்குக் குளிரக் கூடாது" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான். அளவு நாடா பிடித்து, எது வெளிச்சுவர், புகைக்குழாய் எங்கே வளையும் என்று தாளில் கீறிப் பார்த்தேன். முன்னறைதான் சரி என்று தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும் என் வேலை. கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்த அம்மா, மூன்று கிழமைக்கு முன் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். இரண்டாவது தாளில் இருந்தது: "என்னாலை இனி ஏலாது. உங்கடை அப்பாவைப் புதைச்ச இடத்துக்குக் கிட்டப் போய் இருக்கப் போறன். என்ரை வரவைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்." அக்காவுக்கு முதல் தாளை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு நான் கடிதத்தை மடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, சுவரில் துளை போட மேல்வீட்டு தோன் பெப்பே வந்தார். உள்ளறையைப் பார்த்து, "இந்தக் கட்டில் யாருடையது?" என்று கேட்டார். அம்மாவுடையது என்றேன். எங்கே அவர் என்றதும் அக்கா முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியனில், "வருகிறார்" என்றாள்.

மனிதர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். "அப்படியென்றால் பொறுப்போம். நெருப்பு எங்கே இருக்க வேண்டுமென்று மம்மாதான் சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்காமல் துளைத்துவிட்டு, அடுத்தநாள் போய் அடைத்துக்கொடுத்தவன் நான்."

அம்மா பக்கத்துப் பல்லரோச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். அக்கா கோப்பி கொடுத்தாள். பிறகு இன்னொரு கோப்பி. "சந்தையில் யாரோ பிடித்துக் கதைக்கிறார்கள் போல" என்று அவர் சிரித்தார். அத்தான் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கோப்பையைக் கழுவியபடி, திரும்பாமலே சொன்னாள். "தம்பி, அந்த மனிசனைக் காக்க வைக்காதை. அம்மா வரமாட்டா எண்டு சொல்லு."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நீதான். ரெண்டு தாள் கடிதத்தை ஒரு தாளிலை முடிச்சனி. எனக்கு எழுத்துத் தெரியாதுதான். மை எங்கை முடியுதெண்டு தெரியுமடா."

"பிறகேன் உள்ளுக்கை வைக்கச் சொன்னனி?"

"நீ சொல்லுவியெண்டு பாத்தன்."

அம்மா இனி வரமாட்டார் என்று, தமிழில் மூன்று கிழமையாக வராத வசனம் இத்தாலியனில் ஒரே மூச்சில் வந்தது. தோன் பெப்பே தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். இல்லை, உயிரோடு இருக்கிறார், வரமாட்டார், அவ்வளவுதான் என்றேன். அவர் தலையாட்டினார், தொப்பியைத் திரும்பப் போடவில்லை.

அக்கா ஈரக் கையால் முன்னறைச் சுவரில் தட்டினாள். "இஞ்சை. ஆக்கள் இருக்கிற இடத்திலை வையுங்கோ."

துளை போட்டுக் குழாயைப் பூட்டிய பிறகு, உள்ளறைக் கதவைச் சாத்தி வையுங்கள், இல்லாவிட்டால் சூடெல்லாம் அங்கே போய்விடும் என்று தோன் பெப்பே சொல்லிவிட்டுப் போனார். அக்கா சாத்தவில்லை. நானும் சாத்தவில்லை. இந்தப் பின்னேரம் ஸ்தூஃபாவுக்கு முன்னால் இருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். முகம் சுட்டது, திறந்த கதவால் வந்த குளிர் முதுகில் ஏறியது. கதிரையைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டேன். இப்போது முதுகு சுடுகிறது, முகம் குளிர்கிறது.