பேய் கட்டிய சனிக்கிழமை

என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளும் கூடப் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளும் யூடியூபில் ஹாலோவீன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது பேய் வேஷம் போட்டுக் கூடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். தோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் ஆனையூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒரு கொய்யா மரம், ஒரு முருங்கை, மதிலோரம் செம்பருத்தி, கறிவேப்பிலை, அவ்வளவுதான். அதற்கே மகள் ஒரு மாதமாகக் கெஞ்சினாள்.

என் கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். அந்த வாரம் வர முடியவில்லை. தல்லாகுளத்தில் அலுவலகம் முடிந்து, பஸ் பிடித்து வீடு வந்து சேரவே எனக்கு ஏழாகிவிடும். ஆகவே ஏணி வைத்து மரத்தில் எதையாவது கட்டித் தொங்கவிட ஆள் வேண்டும் என்றதும் மகள் நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போனாள்.

பக்கத்து வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர். அவர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். மகளுக்கு அவர்கள் மாமாவும் அத்தையும். அவர்களுக்குப் பிள்ளையில்லை. பள்ளி விட்டு வந்ததும் என் மகள் சாப்பிடுவது, வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் நான் வரும்வரை அங்கேதான்.

சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அண்ணன் ஏணியோடு வந்தார். என் கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டி, மை பேனாவால் கண் வரைந்து ஏழெட்டுப் பேய் செய்து வைத்திருந்தோம்.

“பேய்க்கு முருங்க மரந்தான தாயி சொந்த வீடு? கொய்யாவுல கட்டுனா கோவிச்சுக்காதா?” என்றார்.

“இது அமெரிக்கா பேய் மாமா. அதுக்கு முருங்கையெல்லாம் தெரியாது.”

“அப்பச் சரி. விசா வாங்கி வந்த பேயி. நல்லபடியா கவனிச்சு அனுப்பணும்.”

வீடியோவில் உள்ளதுபோல் முகம் வெட்ட, மதினி ஒரு பரங்கிக்காய் வாங்கி வந்து கொடுத்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதன் மேல்பக்கத்தை மூடிபோல வெட்டி, உள்ளிருந்த சதையை வழித்து ஒரு சட்டியில் போட்டு மதினியிடம் நீட்டினார். “கூட்டு வச்சிரு. பேய் மிச்சம்.” மதினி சிரித்தார். இரண்டு கண்ணும் பல்லும் வெட்டி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை மதிலில் சாய்ந்து நின்று என்னிடம் தண்ணீர் கேட்டார். முகம் வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

கடைசியாக மகள், டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலை எடுத்து வந்தாள். வீடியோவில் எல்லாத் தோட்டத்திலும் கல்லறை இருக்குமாம். அண்ணன் அதைக் கல் மாதிரி வளைத்து வெட்டிக் கொடுத்தார்.

“இதுல ஒரு பேரு எழுதணும் மாமா. யாரு பேரை எழுத?”

“என் பேரைப் போடு. நான்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாக.”

நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேரெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. நாலெழுத்துப் படித்துவிட்டு இதற்கெல்லாம் பயப்படுவதா என்றும் தோன்றியது. பேசாமல் இருந்துவிட்டேன். மகள் கறுப்பு பெயின்டில் அவர் பெயரை எழுதி, இரண்டு குச்சி செருகிச் செம்பருத்திக்கு முன்னால் நட்டாள். அவர் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவளே போட்டோவும் எடுத்தாள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மதினி மதில் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். போட்டது போட்டபடி ஓடினேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே சாய்ந்து கிடந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மகளை எதிர்வீட்டில் விட்டு, நானும் மதினியோடு ஏறினேன். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம்கூட வைத்துப் பார்க்கவில்லை. வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். மதினி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “சட்டை போடாம கூட்டியாந்துட்டமே” என்று மட்டும் சொன்னார்.

உடலை வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பும்போது மணி பத்து. செய்தி கேட்டு, காளவாசலில் இருக்கும் அவருடைய அக்கா அதற்குள் வந்திருந்தார். எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து தோட்டத்துக்குள் நின்றிருந்தார். கொய்யா மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பேய்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா அந்தத் தெர்மாகோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டிலிருந்து எப்போது வந்தாளோ தெரியவில்லை, என் மகளும் அங்கே நின்றாள்.

“இது யாரு எழுதுனது?” என்று அக்கா கேட்டார்.

“நாந்தான்” என்றாள் மகள்.

அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். “உசுரோட இருந்தவனுக்குக் கல்லு நட்டுட்டீகளே.”

தெருவில் பந்தல்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஐஸ் பெட்டி வந்தது. நான் மகளை அறைக்குள் அனுப்பிவிட்டு ஏணியை எடுத்தேன். அண்ணன் போட்ட முடிச்சுகள் அவிழவில்லை. அரிவாள்மனையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அறுத்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெர்மாகோலைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடைத்தேன். உடைக்க உடைக்க அது சின்னச் சின்ன உருண்டையாக உதிர்ந்து ஈரக் கையில் ஒட்டியது. மாலையில் வருவதாக இருந்த பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். நாலு மணிக்கு அவரைத் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் அவள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. போனில் இருந்த போட்டோவை அவளே அழித்திருந்தாள். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“அம்மா, நான் பேரு எழுதுனதுனாலயா மாமா செத்துப் போனாங்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப அந்தப் பெரியம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?”

அவருக்குத் துக்கம், அதனால் சொன்னார் என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பிச் சொல்லவில்லை. எழுதாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பது அலுவலகத்தில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் வந்து குத்தும். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாள். நோட்டில் யார் பெயரையும் எழுத மாட்டேன் என்கிறாள் என்று வகுப்பு ஆசிரியை போன் செய்து சொன்னார். தன் பெயரைக்கூட எழுதுவதில்லையாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா காளவாசலுக்குத் திரும்பிய பிறகுதான் மதினியைப் பார்க்கப் போனேன். மகள் படும் பாட்டைச் சொன்னேன்.

“நீங்க ஒரு வார்த்தை அவகிட்டச் சொன்னா நம்புவா மதினி. அவளால இல்லன்னு.”

மதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கே ஒண்ணும் புரியல. ஒரு நேரம் இல்லங்குது மனசு. ஒரு நேரம் நீங்க அந்தப் பேரை எழுத விட்டிருக்க வேணாம்னு தோணுது. பொய் சொல்லலை.”

எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் அலுவலகம் விட்டு வந்து சேர்ந்ததும், அவரே மதில் பக்கம் வந்து மகளைக் கூப்பிட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் கால் வைத்தாள்.

“இங்க பாரு தாயி. மாமாவுக்கு நீ எழுதுறதுக்கு ஒரு வாரம் முந்தியே நெஞ்சு வலி. ராத்திரி சாப்புட்டு முடிச்சதும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காருவாரு. நீ எழுதுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சரியா?”

“உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“தெரியும். பார்த்தேன்ல.”

“அப்ப ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?”

என்னால் அவள் வாயைப் பொத்த முடியவில்லை. கேட்டு முடித்துவிட்டாள். மதினியின் கை மதில் மேல் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டார்.

“வாயுன்னு சொன்னாரு தாயி. சீரகத் தண்ணி வச்சுக் குடுத்தேன்” என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று இரவு என் மகள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் நோட்டில் பெயர் எழுதினாள். மெல்ல மெல்லப் பழையபடி ஆனாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதி வரவில்லை. என் பிள்ளையின் தலையிலிருந்த பாரத்தை இறக்கச் சொல்லி நான்தான் அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன். அவர் அதை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் அந்தச் சீரகத் தண்ணீரைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டோம், ஆனால் தண்ணீர் வந்ததா, கரன்ட் எப்போது போனது என்கிற அளவில்தான். தை பிறந்ததும் மதினியின் தம்பி வாடிப்பட்டியிலிருந்து வேன் கொண்டுவந்து சாமான்களோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார். ஜெராக்ஸ் மெஷினைக் கடையோடு கொடுத்துவிட்டார்களாம். வீட்டை வாடகைக்கு விட்டார்கள்.

போன சித்திரையில் மகளை அழைத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போனேன். அவளுக்கு இப்போது என் தோள் உயரம். மதினி இளைத்திருந்தார். தம்பி வீட்டு மாடியில் ஒரு தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். எங்களுக்குச் சோறு போட்டு, மகளின் மார்க்கெல்லாம் விசாரித்தார். அவளை ஒரு நாளாவது விட்டுவிட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தபோதே, ராத்திரி இங்கேயே படுக்கட்டும் என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. மகளும் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. மதிலருகே அன்று தான் கேட்ட கேள்வி எப்படிப்பட்டது என்பது அவளுக்கு அந்த இடைப்பட்ட வருஷங்களில் விளங்கியிருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப் வரை வந்து, “அடிக்கடி வாங்க” என்றார் மதினி.

“வாரோம் மதினி” என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை.